விரலளவுத் திரை – 9: 320 என்றொரு பொய்

சென்ற வாரம் ஒரு ஜாவா விளையாட்டைக் கைபேசியின் வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தோம். விளையாட்டில் பிழை இல்லை, கைபேசியிலும் பழுதில்லை. ஆனாலும் ஏற மறுத்தது. காரணம், விளையாட்டோடு துணைக்கு வந்த ஜேஏடி என்ற சிறிய உரைக் கோப்பு. விளையாட்டின் பெயர், தயாரித்தவர், பதிப்பு எண் ஆகியவற்றோடு அது எத்தனை பைட் என்பதையும் அந்தக் கோப்பு சொல்லியாக வேண்டும். கடைசி நேரத்தில் நிரலர் ஒரு படத்தை மாற்றியிருப்பார். பைட் கணக்கு கொஞ்சம் கூடியிருக்கும். ஜேஏடியில் பழைய எண்ணே நின்றுவிட்டது. சொன்ன அளவும் வந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் ஏற்றக் கூடாது என்பது விதி. அந்த மறுப்புக்கு விதிப்புத்தகம் கொடுத்திருந்த எண் 904.

செயலி ஓடத் தொடங்குமுன் அதைப் பற்றி ஒரு கோப்பு பேசுகிறது. கைபேசி அந்தக் கோப்பின் பேச்சைத்தான் நம்புகிறது. இந்த வாரக் கதைக்கும் அதுதான் வேர். ஆனால் இந்த முறை விடுபட்டுப்போகும் ஒரே ஒரு வரி, செயலியை வாசலில் நிறுத்தாது. அப்படியொரு செயலி இருப்பதையே வாங்க வந்தவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

ஒரு கைபேசி, ஆறு அளவுகள்

2008 செப்டம்பர் 23, நியூயார்க். டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் முதல் ஆண்ட்ராய்டு கைபேசி அறிமுகமாகிறது. தயாரித்தது தைவானின் எச்டிசி. திரையின் மூலைவிட்டம் 3.2 அங்குலம். அகலத்தில் 320 பிக்சல், உயரத்தில் 480. உள்ளே 192 எம்பி நினைவகம். திரையைத் தள்ளினால் அடியிலிருந்து விசைப்பலகை எட்டிப்பார்க்கும்.

விற்பனைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைபேசி அன்றைக்கு அது ஒன்றே. திரையும் ஒன்றே. ஒரு பொத்தானை 80 பிக்சல் அகலத்தில் வைத்தால் அது திரையில் சரியாகக் கால்வாசி. கணக்கு அவ்வளவு எளிது.

ஆனால் முதல் பதிப்பின் நிரல் நூலகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. அளவு சொல்ல அங்கே ஆறு அலகுகள் இருந்தன. பிக்சல், அங்குலம், மில்லிமீட்டர், அச்சுக்கலையிலிருந்து வந்த பாயிண்ட். இவை நான்கும் உலகுக்குத் தெரிந்தவை. ஐந்தாவதாக டிபி, ஆறாவதாக எஸ்பி. டிபி என்பது திரையின் அடர்த்தியைச் சாராத பிக்சல். எஸ்பி அதன் தங்கை. எழுத்தின் அளவைச் சொல்ல மட்டும் பிறந்தது.

அங்குலத்துக்கு 160 பிக்சல் கொண்ட திரையில் 1 டிபி என்றால் 1 பிக்சல். 320 பிக்சல் கொண்ட திரையில் அதே 1 டிபி 2 பிக்சலாகிவிடும். திரையின் அடர்த்தியை 160-ஆல் வகுத்து, வருவதை டிபியோடு பெருக்கினால் பிக்சல் கிடைக்கும். டிபியின் இலக்கணம் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

ஒரே ஒரு திரை இருக்கும் நாளில் திரைக்குத் திரை மாறும் அலகு எதற்கு? ஜி1-ல் 80 டிபி என்று எழுதினாலும் 80 பிக்சல் என்று எழுதினாலும் விளைவு ஒன்றுதான். எனவே பல நிரலர்கள் பிக்சலிலேயே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு கைபேசி. இன்னும் பிறக்காத கைபேசியை நினைத்து யார் அளவு எழுதுவார்கள்?

ஆண்ட்ராய்டை உருவாக்கியவர்கள் எழுதினார்கள். கைபேசி செய்வது தங்கள் வேலையல்ல என்பது அவர்களுக்குத் தெரியும். 2007 நவம்பர் 5 அன்று கூகுள் அறிவித்த கூட்டணியில் 34 நிறுவனங்கள் இருந்தன. எச்டிசி, சாம்சங், மோட்டோரோலா, எல்ஜி என்று கைபேசி செய்கிறவர்கள் மட்டும் பல பேர். யார் எந்த அளவில் திரை ஒட்டுவார்கள் என்பது கூகுளின் கையில் இல்லை.

அந்தக் குழு அதற்கு முன்பே ஒருமுறை சூடுபட்டிருந்தது. அவர்கள் முதலில் உருவாக்கிவந்தது ஜி1 அல்ல. சூனர் என்ற உள்பெயர் கொண்ட வேறொரு கைபேசி. தொடுதிரை கிடையாது. குறுக்குவாட்டில் 320-க்கு 240 என்ற திரை, கீழே விசைப்பலகை. 2007 ஜனவரி 9 அன்று சான்ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைக் காட்டினார். அதன் பிறகு சூனர் கைவிடப்பட்டு, தொடுதிரைக் கைபேசியான ட்ரீம் முன்னுக்கு வந்தது. அந்த ட்ரீம்தான் பின்னாளில் ஜி1 ஆனது. எழுதிக்கொண்டிருக்கும்போதே காலடியில் திரை மாறிப்போவது எப்படி இருக்கும் என்பதை அவர்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள்.

குழுவில் இன்னொரு வகை அனுபவமும் இருந்தது. ஆண்ட்ராய்டின் அடிக்கட்டமைப்பில் பெரும் பங்காற்றிய டயான் ஹாக்பார்ன், திரை வரைகலையைக் கட்டிய மத்தியாஸ் அகோபியன் போன்றவர்கள் முன்பு பீ என்ற நிறுவனத்திலும், பிறகு பாம்சோர்ஸிலும் வேலை பார்த்தவர்கள். பாம்சோர்ஸில் அவர்கள் கட்டிய கோபால்ட் என்ற இயங்குதளம் முழுமையடைந்தும், அதை ஏற்றிய ஒரு கருவிகூடக் கடைக்கு வரவில்லை. முன்பின் தெரியாத கருவிகளுக்காக ஒரு தளத்தைக் கட்டுவது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தத் தளம் இந்த முறையாவது மக்கள் கைக்குப் போக வேண்டும் என்ற வேகம் எவ்வளவு இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுப்பு மூட்டுமுன் பட்டியல்

இனி அந்தக் கோப்புக்கு வருவோம்.

ஆண்ட்ராய்டு செயலி ஒவ்வொன்றின் உள்ளேயும் மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு கட்டாயம் இருக்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையற்காரர் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பட்டியல் கொடுத்துவிடுவார். பட்டியலில் இல்லாத பொருள் பந்திக்கு வராது. மேனிஃபெஸ்டும் அப்படித்தான். செயலியின் அடையாளப் பெயர், அதில் உள்ள திரைகள், பின்னணியில் ஓடும் வேலைகள், தேவைப்படும் அனுமதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இணையத்தைத் தொட வேண்டும் என்று எழுதாவிட்டால் இணையம் கிடைக்காது. புதிதாக ஒரு திரையை எழுதிவிட்டு மேனிஃபெஸ்டில் சேர்க்க மறந்தால், அந்தத் திரையைத் திறக்கப்போகும் நொடியில் செயலி விழுந்துவிடும். விழும்போது பிழைச் செய்தி, இந்தத் திரையை மேனிஃபெஸ்டில் அறிவித்தீர்களா என்று நிரலரிடம் ஒரு கேள்வியும் கேட்கும். ஆண்ட்ராய்டு கற்றுக்கொண்ட எவரும் முதல் மாதத்திலேயே அந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? ஜி1-ன் 192 எம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய நினைவகத்தில் தொலைபேசி, மின்னஞ்சல், வரைபடம், உலாவி எல்லாம் வாழ வேண்டும். இடம் போதாவிட்டால் பின்னணியில் இருக்கும் எந்தச் செயலியையும் இயங்குதளம் கொன்றுவிடும். தேவைப்படும்போது அதில் ஒரு பகுதியை மட்டும் எழுப்பும். ஒரு குறுஞ்செய்தி வந்தால் எந்தச் செயலியின் எந்தப் பகுதியைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது, அந்தச் செயலி செத்துக்கிடக்கும்போதும் தெரிந்திருக்க வேண்டும். செயலியை ஓடவிட்டுக் கேட்க முடியாது. எனவே நிறுவும் நேரத்திலேயே மேனிஃபெஸ்டை வாசித்து, எல்லாவற்றையும் குறித்துவைத்துக்கொள்கிறது. வாசிப்பு வேகமாக நடக்க வேண்டும் என்பதற்காக, செயலியைக் கட்டும் நேரத்திலேயே அந்த எக்ஸ்எம்எல் இருமக் குறியீடாக மாற்றப்பட்டுவிடுகிறது.

மேனிஃபெஸ்டுக்குத் துணையாக இன்னொரு ஏற்பாடும் உண்டு. படங்கள், சொற்கள், திரை அமைப்புகள் எல்லாம் நிரலுக்கு வெளியே தனிக் கோப்புறைகளில் இருக்கும். கோப்புறையின் பெயரே நிபந்தனை. தமிழுக்கான சொற்களா? பெயரின் வாலில் தமிழின் மொழிக்குறியைச் சேர்த்துவிடுங்கள். கைபேசியின் மொழி தமிழாக இருந்தால் அந்தக் கோப்புறை தானாகத் திறக்கும். குறுக்குவாட்டுத் திரைக்கு வேறு அமைப்பு வேண்டுமா? அதற்கும் ஒரு வால். பல நிபந்தனைகளைக் கோர்க்கும்போது வரிசை முக்கியம். மொழி முன்னால், திரையின் கிடைவாக்கு அதன் பின்னால், அடர்த்தி அதற்கும் பின்னால். மாற்றி எழுதினால் செல்லாது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. ஜி1-ன் விசைப்பலகையை இழுத்தால் திரை குறுக்குவாட்டுக்குத் திரும்பும். இயங்குதளத்தின் பார்வையில் அந்த நொடியில் நிலவரமே மாறிவிட்டது. எனவே ஓடிக்கொண்டிருக்கும் திரையை அழித்து, புதிய நிலவரத்துக்கான கோப்புறைகளைத் தேர்ந்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து கட்டும். நீங்கள் பாதி எழுதிய செய்தியை நிரலர் பத்திரப்படுத்தியிருந்தால் பிழைக்கும், இல்லையென்றால் போயிற்று. எழுதத் தொடங்கலாம் என்று விசைப்பலகையை இழுத்த அதே அசைவில், எழுதியது காணாமல்போனது. நிரலர்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கோ இது சரியான முடிவாகவே படுகிறது. திரை என்பது நிலையான ஒன்றல்ல, எந்த நொடியிலும் மாறக்கூடியது என்ற உண்மையை முதல் நாளிலேயே அவர்கள் தலையில் அது ஏற்றியது. மடித்து விரிக்கும் கைபேசிகள் வந்த பிறகு அந்தப் பாடத்தின் அருமை தெரிந்தது.

ஏறக்குறைய ஓராண்டு ஓடியது. 2009-ன் நடுப்பகுதியில் எச்டிசி மேஜிக், எச்டிசி ஹீரோ, சாம்சங்கின் முதல் கேலக்ஸி எல்லாம் வந்துவிட்டன. மூன்றிலும் திரை அதே 3.2 அங்குலம், அதே 320-க்கு 480. பிக்சலில் எழுதியவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

செப்டம்பரில் அந்தத் தூக்கம் கலைந்தது.

ஒரு பொத்தான், மூன்று விரல்கள்

இரண்டு கைபேசிகள் எதிரெதிர்த் திசைகளிலிருந்து வந்தன.

ஒன்று எச்டிசி டாட்டூ. செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. சின்னது, விலை குறைந்தது. 2.8 அங்குலத் திரையில் 240-க்கு 320 பிக்சல். மற்றது மோட்டோரோலா ட்ராய்டு. நவம்பர் 6 அன்று அமெரிக்காவில் வெரைசன் கடைகளுக்கு வந்தது. 3.7 அங்குலத் திரையில் 480-க்கு 854.

அந்த 80 பிக்சல் பொத்தானை இப்போது மூன்று கைபேசிகளிலும் வைத்துப் பார்ப்போம். ஜி1-ல் அங்குலத்துக்குச் சுமார் 180 பிக்சல். பொத்தானின் அகலம் 11.3 மில்லிமீட்டர். விரல் வைக்க வசதியான அளவு. ட்ராய்டில் அங்குலத்துக்குச் சுமார் 265 பிக்சல். அதே பொத்தான் 7.7 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. திரை பெரிதாகியும் பொத்தான் சிறிதாகிவிட்டது. டாட்டூவில் அங்குலத்துக்குச் சுமார் 143 தான். பொத்தான் 14.2 மில்லிமீட்டராக வீங்கி, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. ஜி1-ல் ஒரு வரிசையில் நான்கு பொத்தான் வைத்தவருக்கு டாட்டூவில் நான்காவது பொத்தான் திரைக்கு வெளியே.

மனித விரல் மட்டும் மூன்று கைபேசிகளுக்கும் ஒன்றே.

இப்போது அதையே 80 டிபி என்று எழுதிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு திரையையும் துல்லியமாக அளக்க முயலவில்லை. அடர்த்திகளை வகுப்புகளாகப் பிரித்தது: தாழ்வுக்கு 120, நடுத்தரத்துக்கு 160, உயர்வுக்கு 240. ஜி1-ன் உண்மையான அடர்த்தி 180 என்றாலும் அது 160 வகுப்பில் உட்கார்ந்தது. ட்ராய்டு 240, டாட்டூ 120. எனவே 80 டிபி என்பது ட்ராய்டில் 120 பிக்சல், டாட்டூவில் 60 பிக்சல். விரலுக்குக் கிடைப்பது ஜி1-ல் 11.3 மில்லிமீட்டர், ட்ராய்டில் 11.5, டாட்டூவில் 10.7. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்.

இதைவிட அழகான இன்னொரு கணக்கு இருக்கிறது. ட்ராய்டின் 480 பிக்சல் அகலத்தை 1.5-ஆல் வகுங்கள். டாட்டூவின் 240-ஐ 0.75-ஆல் வகுங்கள். இரண்டுக்கும் விடை 320. இரண்டு நிறுவனக் கூடங்களில் மூன்று விதமாக வெட்டப்பட்ட கண்ணாடிகள், டிபி கணக்கில் ஒரே அகலம் கொண்டவையாகிவிட்டன! ஓராண்டாக வேலையில்லாமல் நூலகத்தில் கிடந்த அலகு, 2009 குளிர்காலத்தில் தன் பிறப்பின் காரணத்தைக் காட்டியது.

டிபியில் எழுதியவர்கள் தப்பித்தார்கள். பிக்சலில் எழுதியவர்கள்? அவர்களுடைய செயலிகள் ஏற்கெனவே மக்கள் கைகளில் இருக்கின்றன. எல்லோரையும் கூப்பிட்டுத் திருத்தச் சொல்ல முடியாது.

இயங்குதளம் சொன்ன பொய்

2009 செப்டம்பர் 15 அன்று, டோனட் என்று பெயரிடப்பட்ட ஆண்ட்ராய்டு 1.6-க்கான நிரல் கருவிகள் வெளிவந்தன. பல அடர்த்திகளையும் பல அளவுகளையும் தாங்கும் திறன் அதில்தான் முழுமையாக வந்தது. பழைய செயலிகளைக் காப்பாற்ற அது தேர்ந்தெடுத்த வழி பொய்.

ட்ராய்டில் ஒரு பழைய செயலி எழுந்து, திரையின் அகலம் என்ன என்று கேட்கிறது. உண்மை 480. இயங்குதளம் 320 என்கிறது. அடர்த்தி? 160 என்கிறது. செயலி அதை நம்பி, தான் ஜி1-ல் இருப்பதாகவே நினைத்து வரைகிறது. இடமிருந்தும் மேலிருந்தும் 10-ல் தொடங்கி 100 வரை ஒரு கட்டம் வேண்டும் என்கிறது. இயங்குதளம் சத்தமில்லாமல் எல்லாவற்றையும் 1.5-ஆல் பெருக்கி, 15 முதல் 150 வரை வரைகிறது. பயனர் 150-வது பிக்சலில் விரல் வைத்தால், விரல் 100-ல் பட்டது என்று செயலியிடம் திருப்பிச் சொல்கிறது. போகும் வழியிலும் வரும் வழியிலும் மொழிபெயர்ப்பு. செயலிக்குக் கடைசிவரை தெரியாது.

படங்கள் கொஞ்சம் மங்கின. இழுத்துப் பெரிதாக்கினால் மங்கத்தானே செய்யும்? ஆனால் பொத்தான்கள் விரலுக்கு எட்டின. செயலிகள் ஓடின. பல நிரலர்களுக்குத் தங்கள் செயலி ட்ராய்டில் ஏமாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதே தெரியாது. பின்னோக்கிய ஒத்திசைவு என்ற வறண்ட பெயரில் நடந்த இந்த வேலையை மென்பொருள் வரலாற்றின் மிகக் கனிவான செயல்களில் ஒன்றாக நான் நினைக்கிறேன். எதிர்காலம் தெரியாமல் எழுதியவரைத் தண்டிக்காமல், அவருடைய அறியாமையையும் சேர்த்துச் சுமந்துகொண்டது.

பொய் வேண்டாம், உண்மையைச் சொல் என்று கேட்கும் செயலிகளுக்கும் வழி இருந்தது. மேனிஃபெஸ்டில் ஒரு புதிய உறுப்பு சேர்க்கப்பட்டது. சிறிய திரையைத் தாங்குவேன், சாதாரணத் திரையைத் தாங்குவேன், பெரிய திரையைத் தாங்குவேன், எந்த அடர்த்தியையும் தாங்குவேன் என்று நான்கு வாக்குறுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. எழுதாவிட்டால்?

அங்கேதான் சிக்கல். 1.6-க்கு முன் எழுதப்பட்ட செயலிகளில் அந்த உறுப்பே இல்லை. இருக்கவும் முடியாது. அவற்றுக்கு இயங்குதளம் தானாக விடை எழுதிக்கொண்டது: சாதாரணத் திரைக்கு மட்டும் ஆம், மற்ற மூன்றுக்கும் இல்லை.

பெரிய திரை என்றால் சமாளிக்கலாம். நடுவில் பழைய அளவில் ஒரு சட்டம் போட்டு, சுற்றிலும் கறுப்பாக விட்டுவிடலாம். அடர்த்தியை நாம் பார்த்தபடி பொய்யால் சமாளிக்கலாம். ஆனால் டாட்டூ போன்ற சிறிய திரையில்? டிபி கணக்கில் ஜி1-ன் உயரம் 480, டாட்டூவின் உயரம் 427. அகலம் ஒத்துப்போனாலும் கீழே 53 டிபி குறைகிறது. "சரி" என்ற பொத்தான் பெரும்பாலும் திரையின் அடியில்தான் இருக்கும். அது திரைக்குக் கீழே விழுந்துவிட்டால் பயனர் அந்தச் செயலியில் மேற்கொண்டு போக முடியாது.

எனவே ஆண்ட்ராய்டின் அன்றைய செயலிக் கடையான ஆண்ட்ராய்டு மார்க்கெட் ஒரு கடுமையான முடிவை எடுத்தது. சிறிய திரைக்கு ஆம் என்று சொல்லாத செயலியைச் சிறிய திரைக் கைபேசியில் காட்டவே காட்டாது. டாட்டூ வாங்கியவர் நண்பரின் ஹீரோவில் ஒரு செயலியைப் பார்த்துவிட்டுத் தன் கைபேசியில் தேடுவார். கிடைக்காது. பொருந்தாது என்ற அறிவிப்பும் வராது. குறைந்த விலைக்கு வாங்கியவருக்குக் கடையே சுருங்கிவிட்டது. அவர் கேள்விப்பட்டே இராத ஒரு கோப்பில், எவரோ எழுதாமல் விட்ட ஒரு வரிதான் காரணம்.

செய்தி நிரலர்களுக்கு எட்டியதும் அந்த வரியைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சிலர் சோதித்துவிட்டுச் சேர்த்தார்கள். சிலர் சேர்த்துவிட்டு மறந்தார்கள். ஆம் என்று எழுதியவர் உண்மையிலேயே அந்தத் திரையில் ஓட்டிப் பார்த்தாரா என்று இயங்குதளம் விசாரிக்காது. அறிவித்தால் நம்பும். அப்படி வெறும் வாயால் வாக்குக் கொடுத்த செயலிகளில் "சரி" பொத்தான் விழுந்தது. டிபியில் அளந்து, திரைக்குப் பொருந்தாதபோது உருட்டிப் பார்க்கும்படி கட்டியவர்களின் செயலிகள் மட்டும் அங்கே கண்ணியமாக நின்றன.

எஸ்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்தத் தங்கையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடர்த்தியோடு, பயனர் தேர்ந்தெடுத்த எழுத்தின் அளவையும் சேர்த்துப் பெருகும் அலகு அது. 2008-லேயே நூலகத்தில் இருந்தும், கைபேசியின் அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கும் தேர்வு 2011-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.0-வில்தான் எல்லோர் கைக்கும் வந்தது. அதுவரை எழுத்தை டிபியிலும் பிக்சலிலும் எழுதிவைத்த செயலிகளில், தாத்தா பாட்டிகள் எழுத்தைப் பெரிதாக்கினால் கைபேசி முழுவதும் பெரிதாகும், அந்தச் செயலி மட்டும் அசையாது. பொத்தானுக்கு டிபி, எழுத்துக்கு எஸ்பி என்பது பாடநூலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இன்றும் அதை மீறும் செயலிகள் உண்டு. கண் மங்கிய ஒருவர் தன் வங்கிக் கணக்கின் எண்களைப் படிக்கப் பேரனைத் தேடும் நிலைக்கு, அலகைத் தப்பாக எழுதிய ஒரு வரி போதும். அதை அலட்சியம் என்றுதான் சொல்வேன். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்க இடம் கொடுத்தது. எஸ்பியில் எழுதியவர்களின் செயலிகளுக்கே அந்த வரம் முழுமையாகக் கிடைத்தது.

மேற்குக் கரையின் இன்னொரு வீடு

ஆண்ட்ராய்டு இப்படி வகுப்பு பிரித்து, பொய் சொல்லி, வாக்குறுதி வாங்கிப் போராடிக்கொண்டிருந்தபோது, குப்பர்டினோவில் ஆப்பிள் அமைதியாக இருந்தது. 2007 முதல் 2009 வரை மூன்று ஐபோன்கள், ஒரே திரை. 3.5 அங்குலம், 320-க்கு 480.

அங்கேயும் செயலிக்கு ஒரு கோப்பு உண்டு. இன்ஃபோ பிலிஸ்ட். ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறி 1985-ல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் பிறந்த வடிவம் அது. 1996 டிசம்பரில் நெக்ஸ்ட்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தபோது அதுவும் கூடவே வந்து, பிறகு எக்ஸ்எம்எல் உடை உடுத்திக்கொண்டு ஐபோனுக்குள் புகுந்தது. செயலியின் அடையாளம், பதிப்பு, தேவைப்படும் வன்பொருள் எல்லாம் அதில்.

2010 ஜூன் 7. ஐபோன் 4. திரை அதே 3.5 அங்குலம். பிக்சல்கள் 640-க்கு 960. அங்குலத்துக்கு 326. பத்துப் பன்னிரண்டு அங்குலத் தொலைவில் பிடித்துப் பார்த்தால் 300-க்கு மேல் கண்ணால் பிக்சலைப் பிரித்தறிய முடியாது என்று ஜாப்ஸ் மேடையில் விளக்கினார்.

ஆண்ட்ராய்டின் 1.5-ஐப் போலப் பின்னமாகப் பெருக்காமல், ஆப்பிள் சரியாக இரண்டு மடங்கு ஆக்கியது. 1.5-ல் ஒரு தொல்லை உண்டு. 1 டிபி தடிமனில் ஒரு கோடு இழுத்தால் அது ஒன்றரைப் பிக்சல். அரைப் பிக்சலை எந்தத் திரையும் காட்டாது. ஒன்று முழுதாக்க வேண்டும், இல்லை மங்கலாக்க வேண்டும். அதனால்தான் ஆண்ட்ராய்டு நிரலர்கள் பெருக்கிய பிறகு 0.5 கூட்டி, பின்னத்தை வெட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். இரண்டு மடங்கில் அந்தத் தொல்லையே இல்லை. ஒரு பழைய பிக்சல் இருந்த இடத்தில் நான்கு புதியவை கச்சிதமாக உட்காரும். கைபேசியைத் தானே செய்கிறவருக்கு மட்டுமே கிடைக்கும் வசதி அது. எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்ற கண்ணாடியைச் செய்யச் சொல்லலாம்.

நிரலில் எதுவும் மாறவில்லை. அகலம் இன்னும் 320-தான், ஆனால் அது இனி பிக்சல் அல்ல, பாயிண்ட். எழுத்துகள் தாமாகவே கூர்மையாயின. படங்களுக்கு மட்டும் இரண்டு மடங்கில் இன்னொரு கோப்பு செய்து, பெயரின் கடைசியில் "அட் டூ எக்ஸ்" என்ற குறியைச் சேர்த்தால் போதும். இன்ஃபோ பிலிஸ்ட்டில் எந்த வாக்குறுதியும் கேட்கவில்லை. அப்போது ஆப்பிள் கடையில் இருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செயலிகள் ஒன்றுகூட மறையாமல் புதிய திரையில் ஏறின. ஆண்ட்ராய்டு நிரலர்கள் ஏக்கத்தோடு பார்த்த நாட்கள் அவை.

அந்த அமைதி இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் நீடித்தது.

2012 செப்டம்பர் 12. ஐபோன் 5. ஆப்பிள் முதன்முறையாக ஐபோன் திரையின் வடிவத்தை மாற்றியது. அகலம் அதே 640, உயரம் மட்டும் 1136. பழைய செயலிகள் அதில் திறந்தபோது மேலே 88 பிக்சல், கீழே 88 பிக்சல் கறுப்புப் பட்டைகள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆண்ட்ராய்டின் பெரிய திரைகளில் விழுந்த அதே கறுப்பு.

நிரலர்கள் இன்ஃபோ பிலிஸ்ட்டைத் திறந்தார்கள். உயரமான திரையைத் தாங்குவேன் என்று சொல்ல ஒரு வரி எங்காவது இருக்க வேண்டுமே? முதலிலிருந்து கடைசிவரை தேடினார்கள். அப்படியொரு வரியே இல்லை. ஆனாலும் சில செயலிகள் முதல் நாளிலேயே பட்டை இல்லாமல் முழுத் திரையில் மின்னின. அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் குழம்பிப்போனார்கள். அவை தம் சம்மதத்தை நிரலிலும் எழுதவில்லை, அமைப்புக் கோப்பிலும் எழுதவில்லை. ஒரு படத்தில் வைத்திருந்தன. அது முழுக் கறுப்புப் படமாக இருந்தாலும் வேலை செய்தது.

அது என்ன படம்?

(தொடரும்)